துணிந்தவள் என்று ஒரு பேட்ஜ்

“…அதுக்குத்தானுங்க்கா கேக்கறேன், கோவத்துல இல்லீங்க. அந்த வார்த்தைய எம்புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது மிஸ்ஸுங்களா, நீங்களா?”

பள்ளி ஆபீசுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் அம்மா. மடியில் அடுத்த வருடத்துக்கான படிவம், கையில் என்னிடம் வாங்கிய பேனா. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு அரை நிமிடம் ரொம்ப நேரம். அந்த அரை நிமிடத்தில் மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மராத்தி பேசும் ஊரில், மகர்பட்டா என்ற பகுதிக்குப் பக்கத்தில் உள்ள சர்வதேச ஆரம்பப் பள்ளி அது. ஒன்பது வருடமாக அங்கே வகுப்பு உதவிக்கு இருக்கிறேன். எங்களை மௌசி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அம்மாவின் தங்கை, அக்கா யாரும் மௌசிதான். ஷூ லேஸ் கட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, டப்பா திறந்து கொடுப்பது, சாயம் கொட்டினால் துடைப்பது, எல்லாம் நாங்கள். ஒரு குழந்தைக்கு அம்மாவின் உடன்பிறந்தவர்கள் பதினோரு பேர் ஒரே நீலப் புடவையில் நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

நான் இதே ஊரில், கசார்வாடியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினார். என்னை மராத்திப் பள்ளியில் போட்டார்கள். தமிழ் எழுத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருடா வருடம் ஊரிலிருந்து ஒரு நாட்காட்டி வரும். தினம் ஒரு தாள் கிழிக்க வேண்டும், தாளின் அடியில் ஒரு பழமொழி இருக்கும். கிழித்த தாளை நான் எறிய மாட்டேன். அம்மாவிடம் வாசிக்கச் சொல்லி, எழுத்தையும் சத்தத்தையும் பொருத்திப் பொருத்திப் படித்துக்கொண்டேன். ஆகவே எனக்குத் தமிழ் வந்த வழியே பழமொழி வழிதான். தெருவில் நாலு பேர் சண்டை போடுவதைக் கேட்டு வந்த தமிழ் இல்லை. கசார்வாடித் தெருவில் சண்டை மராத்தியில் நடந்தது. இந்தக் குறை எனக்கு நாற்பத்தாறு வயது வரை தெரியாமல் இருந்துவிட்டது.

யார் எதைச் சொன்னாலும் எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறது. காவலாளி சொல்வது, ஆட்டோக்காரர் சொல்வது, ஆறு வயசுப் பிள்ளைகள் சொல்வது. “மௌசி, என் பல் லீவுல போயிருக்கு” என்று ஒரு பையன் இந்தியில் சொன்னான். அதுவும் என் டைரியில் இருக்கிறது.

பள்ளியின் நோக்கம் வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. உலகத்துக்கு ஏற்ற மனிதர்களை வளர்ப்பது. புத்தகம் கிடையாது, மார்க் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வார்கள். நாம் யார் என்று ஆறு வாரம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் கணக்கு, படம், பாட்டு எல்லாம் தண்ணீருக்குள்தான். அதற்கு மேல் பத்து குணங்கள். ஒவ்வொரு குழந்தையும் பள்ளியை விட்டுப் போகும்போது இந்தப் பத்தையும் கொண்டு போக வேண்டும். கேட்கிறவர், யோசிக்கிறவர், பேசிப் புரியவைக்கிறவர், இரக்கம் உள்ளவர் என்று போகும் அந்தப் பட்டியல். வகுப்புக்கு வகுப்பு ஒட்டியிருக்கும். தினமும் நான்தான் தூசி தட்டுவேன்.

ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் எங்கள் நாட்காட்டிப் பழமொழி ஒன்றைச் சொன்னேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இந்தியில் அர்த்தம் சொன்னதும் ஒன்றாம் வகுப்பு மிஸ் கைதட்டினார். “மௌசி, நம்ம கரிக்குலம் மொத்தத்தையும் நாலு வார்த்தைல சொல்லிட்டீங்களே” என்றார். மூன்றுதான் மிஸ் என்றேன். அதை இங்கிலீஷில் எழுதிப் போர்டில் குத்தி வைத்தார்கள். எனக்கு ஒரு வாரம் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த வருடம் மழை தொடங்கும்போது வாய் இல்லாத பிள்ளை ஒன்று வந்தது.

வாய் இல்லாமல் இல்லை. பேசவில்லை. ஆறு வயது, கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். தலையை ஆட்டக்கூட மாட்டாள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தராகப் பேசும் நேரத்தில், முறை அவளிடம் வந்தால், பக்கத்துப் பிள்ளைக்குப் போய்விடும் வரை பாயின் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு மாதம், இரண்டு மாதம், தீபாவளி லீவும் வந்து போயிற்று.

அவள் அம்மா மகர்பட்டா டவரில் ஐடி வேலை. புருஷனை விட்டுப் பிரிந்து, குழந்தையோடு தனியாக இந்த ஊருக்கு வந்தவர். இதை அவரே என்னிடம் சொன்னார், நான் தமிழ் என்று தெரிந்த அன்றைக்கே. அன்று வரை “மௌசி, இஸ்கா பேக்” என்று இந்தியில் திணறிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிட்டார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைசிக் குழந்தையாக அவளை ஒப்படைக்கும்போது ரெண்டு நிமிடம் பேசுவார்.

“ஸ்கூல்ல லெட்டர் குடுத்துருக்காங்கக்கா. மார்ச்சுக்குள்ள வகுப்புல வாயத் திறக்கலீன்னா, இவளுக்குத் தோதா வேற இடம் பாக்கச் சொல்றாங்க. ரொம்ப மரியாதையாத்தான் எழுதீருக்காங்க.”

“வேற ஸ்கூலா இல்லம்மா இந்த ஊர்ல?”

“ஸ்கூலு கெடக்குதுங்க. அந்த லெட்டரு அவிங்க கைக்குப் போச்சுன்னா புள்ள போயிரும். ‘நீ கூட்டிட்டுப் போயி எங்க புள்ளைய ஊமை பண்ணிப்போட்டே’ன்னு இப்பவே சொல்றாங்க. கோர்ட்டுல அதத்தான் காட்டுவாங்க.”

அவிங்க என்றால் குழந்தையின் அப்பா வீட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையின் வாயை நான் பார்த்த பார்வையே வேறு.

ஒருநாள் கைகழுவும் இடத்தில் அவளும் நானும் மட்டும். தண்ணீரை வீணாக ஓடவிட்டு விரலை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ நினைப்பில் என் அம்மா பேச்சில், “ஏட்டி, கைய நல்லாக் கழுவு” என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு கிளம்பியது.

“ஏட்டின்னா?” என்றாள்.

அவ்வளவு சின்னக் குரல். குழாயை நான் சட்டென்று மூடினேன், அடுத்த சொல் தப்பிவிடக் கூடாதே என்று.

“எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைய அப்படித்தான் கூப்பிடுவோம்.”

“அம்மிணின்னுதான் கூப்பிடோணும்” என்று என்னைத் திருத்தினாள்.

அதிலிருந்து தினமும் குழாயடியில் பேசுவாள். யார் டப்பாவில் என்ன இருந்தது, எந்தப் பையன் மூக்கை எங்கே துடைத்தான், எல்லாம் சொல்வாள். யாராவது உள்ளே வந்தால் பேச்சு குழாயை மூடியது போல நின்றுவிடும். மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கண்ணே கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் பள்ளியில் வீட்டுமொழி நேரம். படிவத்தில் என்ன மொழி எழுதியிருக்கிறார்களோ அந்த மொழி தெரிந்தவர் குழந்தையோடு உட்கார வேண்டும். தமிழுக்கு ஆள் இல்லாமல் அந்த இடம் சும்மா கிடந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள். வாளி இல்லாமல், நாற்காலியில். அந்தச் சின்ன நாற்காலி என் முழங்காலைக் காதுவரை கொண்டுவந்தது. ஆனாலும் வாரத்தில் அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் நான் மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போனேன் என்று சொல்லலாம்.

ஜனவரியில் பத்து குணங்களையும் எல்லா வீட்டுமொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்றார்கள். மராத்தி, இந்தி, குஜராத்தி, பஞ்சாபி எல்லாவற்றுக்கும் பெற்றோர் எழுதி அனுப்பினார்கள். தமிழ் என் பங்கு. ஒரு ராத்திரி முழுக்க டைரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேசிப் புரியவைக்கிறவர் என்பதற்கு முதலில் ‘வாயாடி’ என்றுதான் வந்தது. எழுதிவிட்டு, அம்மா என்னை எப்போதெல்லாம் அப்படிக் கூப்பிட்டாள் என்று நினைத்துப் பார்த்து அடித்துவிட்டேன். அடித்ததில் எனக்குப் பெருமை வேறு. சொல்லின் முள்ளைப் பார்த்துவிட்டோம் என்று.

ஒன்பதாவது குணம் ரிஸ்க் எடுக்கிறவர். அது என்ன மிஸ், குழந்தைக்கு ரிஸ்க் என்று கேட்டேன். “தப்பாப் போனாலும் பரவாயில்லைன்னு முயற்சி பண்றவங்க மௌசி. பயமா இருந்தாலும் செய்யறவங்க” என்றார் மிஸ். எனக்கு உடனே நாட்காட்டித் தாள் கண்முன் வந்துவிட்டது. துணிந்தவனுக்குத் துக்கமில்லை. எவ்வளவு அழகான சொல். துணிந்தவன் என்று எழுதினேன்.

மிஸ் இன்னொரு யோசனை வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பருவத்துக்கு ஒரு குணம், அதைத் துணியில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். பேசாத குழந்தைக்கு இந்த ஒன்பதாவது குணம். அவள் இலக்கு, வட்டத்தில் எந்த மொழியிலாவது ஒரே ஒரு வாக்கியம். “மௌசி, இவளுக்குத் தமிழ்லயே எழுதிக் குடுங்க.”

பெண் குழந்தையாயிற்றே. கடைசி ‘ன்’ எடுத்துவிட்டு ‘ள்’ போட்டேன். துணிந்தவள். மஞ்சள் துணியில் சிவப்பு நூலால் நானே தைத்தேன். அந்த ஒரு எழுத்தை மாற்றியபோது என் கை நிற்கவே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு தெருவில் ஒரு வருடம் இருந்திருந்தால் நின்றிருக்கும்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். “துணிஞ்சவன்னா என்ன மௌசிக்கா?” என்று கேட்டாள். மௌசியும் அக்காவும் சேர்ந்து அப்படி ஒரு பெயர் எனக்கு வைத்திருந்தாள்.

“பயம் இருந்தாலும் செய்யறவ.”

“அம்மா மாதிரியா?”

“அம்மா மாதிரிதான்.”

பிப்ரவரி ஒரு புதன்கிழமை. வட்டம். முறை அவளிடம் வந்தது. பாய் நூலைப் பிடித்தாள், விட்டாள். கதவருகே நின்ற என்னை ஒருதரம் பார்த்தாள். சட்டையில் இருந்த மஞ்சள் துணியைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

“நான் துணிஞ்சவ. எங்கம்மா மாதிரி.”

இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் அவள் குரல் என்பது புரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மிஸ் அழுதார். நான் கதவுக்கு வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். துணை மிஸ் போனில் வீடியோ எடுத்திருந்தார். அன்று மத்தியானமே அது பள்ளி ஆப்பில் போயிற்று. பெற்றோருக்கு அனுப்பும் ஆப். பெற்றோர் என்றால் இரண்டு பேர். அப்பாவின் நம்பரும் அதில் இருந்தது. சேர்க்கும்போது கொடுத்தது, யாரும் நீக்கவில்லை.

அம்மா ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாராம். அவர் பார்ப்பதற்கு முன்னால் கோயம்புத்தூரில் பார்த்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை குழந்தை பேட்ஜ் இல்லாமல் வந்தாள். குழாயடிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரைத் திறந்தேன், மூடினேன், ஏட்டி என்று கூப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அந்தச் சின்ன நாற்காலியில் நாற்பது நிமிடம் நான் ஒருத்தியே பேசினேன். அவள் ஒரு மீன் வரைந்தாள். அதற்கு வாயே வரையவில்லை என்று எழுதினால் கதைபோல இருக்கும். வாய் வரைந்தாள், நல்ல பெரிய வாய்தான்.

அன்று சாயங்காலம் அம்மா, கோயம்புத்தூரில் கோபமாம், தங்களைச் சொல்லிக் காட்டியதாக நினைக்கிறார்களாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேட்டில் நிற்கும் மௌசியிடம் புலம்பினேன். சதாரா பக்கத்து அம்மாள், வெற்றிலை போடுகிறவர். முழுக் கதையும் கேட்டுவிட்டு, துப்பிவிட்டு வந்து, “லேகீ போலே, சுனே லாகே” என்றார். மகளைப் பார்த்துச் சொல்வார்கள், மருமகளுக்குத் தைக்கும். “உன் ஊர்க்காரங்க அதைத் திருப்பிக் கேட்டுட்டாங்க. மருமக மகளைப் பேச வெச்சு மாமியாருக்குச் சொன்ன மாதிரி” என்றார். மற்ற நாளாக இருந்தால் அதை ஓடிப்போய் டைரியில் எழுதியிருப்பேன். அன்று எழுதவில்லை. ஞாபகத்தில் இருந்து இப்போதுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை குழந்தையின் அம்மா வந்தார். அந்த லெட்டரை வாபஸ் வாங்கிவிட்டதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். குழந்தை வகுப்பில் பேசிவிட்டாள், இலக்கு முடிந்தது, அடுத்த வருடப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து பேனா கேட்டார். கொடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“நான்தாம்மா” என்றேன். “மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. நான்தான் எழுதினேன். நல்ல வார்த்தைன்னு நெனச்சுத்தான் எழுதினேன். எங்க வீட்டு காலண்டர்ல இருந்தது.”

“காலண்டர்ல ஆம்பளைக்குப் போட்டிருப்பாங்கக்கா.” அவர் குரல் உயரவே இல்லை. “பொம்பளைக்குச் சொன்னா அது வேறீங்க. எங்க மாமியார் வீட்ல நாலு வருசமா எனக்குப் பேரே அதுதான். வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப துணிஞ்சவ. ஒருநாள் திருப்பிப் பேசினப்ப துணிஞ்சவ. புள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறினப்ப தெருவே கேக்கச் சொன்னாங்க. எல்லாத்துக்கும் துணிஞ்சவன்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதானுங்களே.”

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. பெற்றோர் பெஞ்சில் மௌசி உட்காரும் வழக்கம் இல்லை.

“இப்ப அவிங்க என்ன சொல்றாங்க?”

“‘எங்களக் குத்திக்காட்ட புள்ள நெஞ்சுல எழுதி ஒட்டி, படம் புடிச்சு அனுப்பீருக்கா. நாளைக்கு இவளையும் அவளாட்டமே ஆக்கிப்போடுவா.’ வக்கீலுக்கு வீடியோவ அனுப்பீட்டாங்களாம்.”

“போன் நம்பர் குடுங்கம்மா, நான் பேசறேன். நான்தான் எழுதினேன்னு சொல்றேன். மிஸ்ஸ விட்டு இங்கிலீஷ்ல என்ன அர்த்தம்னு லெட்டர் எழுதச் சொல்றேன்.”

அவர் லேசாகச் சிரித்தார். “இங்கிலீஷ்ல அர்த்தம் நல்லாத்தானுங்க இருக்குது. அவிங்க தமிழ்லதானுங்களே கேட்டாங்க.”

வகுப்பு உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. தண்ணீர் முடிந்து புதுக் கேள்வி தொடங்கியிருந்தார்கள், நாம் எப்படி நம்மைச் சொல்லிக்கொள்கிறோம் என்று. அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

“அன்னிக்கு ராத்திரி போன்ல அவிங்க கத்தினதப் புள்ள கேட்டுட்டாளுங்க்கா. போனை வெச்சதும் வந்து, ‘அம்மா, துணிஞ்சவன்னா கெட்ட வார்த்தையா’ன்னு கேட்டா. நான் என்ன சொல்றதுங்க? இல்லீன்னு சொன்னா நாளைக்கும் சொல்லுவா. ஆமான்னு சொன்னா, எங்கம்மா மாதிரின்னு சொல்லீருக்கறாளே. இனி யாருகிட்டயும் தமிழ்ல எதுவும் பேச வேண்டாம் சாமின்னு சொல்லிப்போட்டேன். சரின்னா. அவ்வளவுதான், அப்புறம் எங்கிட்டயும் பேசறதில்ல.”

“என் தப்பும்மா.”

“இல்லீங்க. நீங்க ஒருத்தருதான் அந்த வார்த்தைய என்னைப் பத்தி நல்லதா நெனச்சவங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வாளியில் தண்ணீர் அழுக்காகிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எப்படியாவது சரி செய்துவிடலாம், ஒரு நல்ல பழமொழி இருக்கும், யோசித்தால் வரும் என்று இருந்தது. எதுவும் வரவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் பிரித்தார். குழந்தையின் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் போன வருடத் தகவலிலிருந்து ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள். சரியாக இருந்தால் டிக் போட வேண்டும், மாற்றம் இருந்தால் எழுத வேண்டும். அப்பாவின் போன் நம்பர் இருந்த இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது, அதைத் தாண்டிப் போயிற்று. வீட்டில் பேசும் மொழி என்ற கட்டத்துக்கு வந்தார். தமிழ் என்று அச்சடித்திருந்ததன் மேல் மெதுவாக, அளவுகோல் வைத்தது போல, ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் இங்கிலீஷ் என்று எழுதினார். பிறகு பேனாவை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.